ஒரே ஒரு டொக்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு கிளட்சை விடத் தெரியாது. இந்தக் கதை பிறந்ததே அந்த இடது காலில்தான்.

என் அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். இருப்பது ஒரே கார், அதில் இரண்டு பேருக்கும் பிரேக். நான் பழகும்போதுதான் இன்ஜினிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

"உனக்குக் கதை கெடைக்கலன்னா என் வண்டிய ஏன்டா வம்புக்கு இழுக்கிற?" என்றாள் அக்கா. "பழகுறவங்க கால்ல வண்டி குலுங்கத்தான் செய்யும்."

2

(முதல் தொடக்கம்: "கார் கடகடவென்று இருமியது." இருமுகிற கார்களை நிறையப் பார்த்தாயிற்று. அடித்துவிட்டேன்.)

ஆனால் மெக்கானிக்கிடம் நான் கொடுத்தது அந்தச் சொல்லைத்தான். அவர் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

"எப்படி சத்தம் சார்? நீங்க எழுதுற ஆளு, கரெக்டா சொல்லுங்க."

எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. "கடகடன்னு," என்றேன்.

அவர் முகம் மாறியது. "அப்ப உள்ள பேரிங் போயிருக்கும். இன்ஜினை இறக்கித்தான் பாக்கணும் டீச்சர். பத்து நாளாகும்."

அப்போது அக்கா என்னைப் பார்த்த பார்வை, ஒரு... (வேண்டாம்.)

வியாழக்கிழமை அக்காவிடம் ஓட்டப் பழகுகிற தையல்காரம்மாவுக்கு லைசென்ஸ் டெஸ்ட். ஏற்கெனவே இரண்டு தடவை பெயில்.

"இந்த வண்டியிலதான் அவங்களுக்குக் கை நடுங்காது. இந்தத் தடவையும் பாஸாகலன்னா இனிமே சாவியையே தொட மாட்டேன்னு சொல்லிட்டாங்கடா," என்றாள் அக்கா.

3

மறுநாள் காலை, குற்றவுணர்வோடு இதை மறுபடி எழுத உட்கார்ந்தேன்.

"கார் டொக்டொக்கென்று

இங்கேதான் பேனா நின்றது. இரண்டாவது டொக் எங்கிருந்து வந்தது? நான் கேட்டது ஒன்றுதான். கிளட்சை விட்டதும் ஒரு டொக், அவ்வளவுதான். இன்னொன்றைச் சேர்த்தது என் தமிழ். பள்ளிக்கூடத்தில் இரட்டைக்கிளவி படித்த நாளிலிருந்து எனக்கு எந்தச் சத்தமும் ஒற்றையாகக் கேட்டதே இல்லை. மழை சடசட, பல் நறநற, கார் கடகட.

எழுந்து ஓடினேன். (ஓடியது உண்மை. வழியில் செருப்பு அறுந்ததாக எழுதியிருந்தேன், அது கதைக்காக. எடுத்துவிட்டேன்.)

4

மெக்கானிக் முதல் போல்ட்டில் ஸ்பேனரை வைத்துவிட்டார். அக்கா பக்கத்தில் வாடிய முகத்தோடு நின்றாள்.

"நிறுத்துங்கண்ணே. கடகட இல்ல. டொக். ஒரே ஒரு டொக்."

"ஒண்ணுதானா?" ஸ்பேனர் கீழே இறங்கியது. "எப்ப?"

"நான் கிளட்சை விடும்போது."

"நான் விட்டா வரலையே?"

"உங்களுக்கு ஓட்டத் தெரியுமேண்ணே," என்றாள் அக்கா. அவளுக்குத்தான் முதலில் பிடிபட்டது. "டேய், ஏறு. எப்பவும்போல மோசமா ஓட்டு."

அவள் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்துக்கொண்டாள். பானெட்டைத் திறந்து, மெக்கானிக் ஓரமாக நின்று டார்ச் அடித்தார். நான் கிளட்சை விட்டேன்.

டொக்.

"தெரியுது, தெரியுது! இன்ஜினைத் தாங்குற ரப்பர் கிழிஞ்சிருக்கு. மொத்த இன்ஜினும் ஒரு துள்ளு துள்ளி இடிக்குது. ஒரு மணி நேர வேலை டீச்சர்." பிறகு என்னிடம், "இவ்வளவு கேவலமா விடுறதுக்கு ஒரு ஆள் வேணும் சார்," என்றார்.

என் எழுத்தை யாரும் இப்படிப் பாராட்டியதில்லை. எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

5

கதையை இங்கேயே முடித்திருந்தேன். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு போன் வந்தது.

அக்கா ஒரே சொல்லை இரண்டு தடவை சொன்னாள். இது இரட்டைக்கிளவி இல்லை. பிரித்தாலும் பொருள் தரும், அடுக்குத்தொடர். அச்சத்திலும் வரும், உவகையிலும் வரும் என்பது இலக்கணம். பின்னால் தையல்காரம்மா அழுவது கேட்டது. அழுகையும் அப்படித்தான், இரண்டிலும் வரும்.

அந்தச் சொல்லை நான் எழுதப்போவதில்லை. காதில் விழுந்ததை எழுத்தாக்கப் போய் ஒரு இன்ஜினையே இறக்கப் பார்த்தவன் நான். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கோட்டிலும் இரண்டெழுத்துக்குத்தான் இடம் விட்டிருக்கிறேன்.

"__டா, __!"