பிஷப்பும் கழற்றிப் போட்ட கதவும்

ஆஸ்திரேலியாவில் எங்கள் கிப்ஸ்லாந்துப் பக்கத்தில் ஒருவனை என்ன வேண்டுமானாலும் சொல்லித் திட்டலாம். குடிகாரன் என்றால், "அப்ப ஒரு பீர் வாங்கிக் குடு" என்பான். கஞ்சன் என்றால் பாராட்டாக எடுத்துக்கொள்வான். "கேட்டைத் திறந்து போட்டுட்டுப் போறவன்" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. அதோடு பேச்சு வார்த்தை முடிந்தது. திறந்து கிடக்கிற ஒரு கேட் வழியாக இவன் கிடேரி அவன் காளையிடம் போய்விட்டால், ஒன்பது மாதம் கழித்து இரண்டு குடும்பம் சர்ச்சில் வேறு வேறு வரிசையில் உட்காரும். அதனால் இங்கே குழந்தை நடக்கப் பழகும்போதே கேட்டைச் சாத்தவும் பழகிவிடும். அது மூளையைக் கேட்டுச் செய்கிற காரியமில்லை. கையே பார்த்துக்கொள்ளும்.

இதைத் தெரிந்துகொண்டால் எங்கள் குளிர்கால ஏலத்தன்று நடந்தது புரியும்.

நான் மாட்டு ஏலம் விடுகிறவன். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உருளைக்கிழங்கை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னால்கூட "என்ன தருவே?" என்றுதான் கேட்பார்கள். அப்படி வளர்ந்த எனக்கே ஆல்பி குவில்டரைக் கண்டால் பயம். அவனுடைய காளை பிஷப், மின்னல் விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டது. மிச்சம் இருந்தது திரவ நைட்ரஜன் கேனுக்குள் உறைந்து கிடந்த விந்துக் குச்சிகள். ஆல்பியின் மந்தையில் பாதி பிஷப்பின் பிள்ளைகள். மீதிப் பாதி பிறக்க வேண்டியது அந்தக் கேனிலிருந்துதான். வீட்டுச் சுவரில் கல்யாணப் படம் இருக்க வேண்டிய இடத்தில் பிஷப் படம்தான் இருந்தது. அவன் மனைவி அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை, அவள் தங்கை வீட்டுக்குப் போய்ச் சில வருஷம் ஆகிறது.

அன்று இரண்டே இரண்டு குச்சியை ஏலத்தில் விட ஆல்பி சம்மதித்திருந்தான். இரண்டுக்காக மொத்தக் கேனையும் தூக்கிக்கொண்டு வந்தான். வீட்டில் வைத்தால் திருடு போய்விடுமாம்.

ஏலம் நடந்தது ஃபுட்பால் கிளப் கூடத்தில். வெளியே மழை, உள்ளே ஹீட்டர், ஊரே உள்ளே. நோரீன் டலக் வாசலிலேயே ஆல்பியை மறித்தாள். சுற்றுவட்டாரத்தில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுவதும், எல்லோருடைய கேனுக்கும் நைட்ரஜன் ஊற்றுவதும் அவள்தான்.

"அத வண்டியோட பின் தட்டுல கட்டி வை ஆல்பி. திறந்த வெளியில இருக்கட்டும்."

"திறந்த வெளியிலயா? லெஸ் மாதிரி ஏல ஏஜென்டுங்க சுத்துற இடத்துலயா?"

"நான் இங்கதான் நிக்கிறேன்" என்றேன்.

"அதனாலதான் சொன்னேன்."

யாரோ கூப்பிட்டு அவள் திரும்பிய நேரத்தில், ஆல்பி கேனை ஆட்டக்காரர்களின் ஜெர்ஸிகள் அடுக்கி வைக்கிற சின்ன அறைக்குள் கொண்டுபோய்விட்டான். ஜன்னல் இல்லாத அறை. கூடத்துக்கு ஒரு கதவு, மைதானத்துக்கு ஒரு கதவு. இரண்டையும் ஒழுங்காகச் சாத்திவிட்டு வந்தான். கை பார்த்துக்கொண்டது.

நான் பாதி ஏலத்தில் இருந்தபோது கிளப் தலைவர் செசில் பானர்மன் என் காதருகே வந்தார்.

"லெஸ், பந்து மூட்டைய எடுக்கப் போனேன். அது மேல் தட்டுலேருந்து அந்தக் கேன் மேல விழுந்துருச்சு. கேன் சாஞ்சு, மூடி கழண்டு, ஒரே புகையா வருது. கவலப்படாத, கதவ நல்லா சாத்திட்டேன்."

நான் மைக்கைக் கையில் பிடித்திருந்தேன் என்பதை அவர் கவனிக்கவில்லை. ஊரே கேட்டது. அந்த அறைக் கதவுக்கு அடியிலிருந்து வெள்ளையாக ஏதோ தரையோடு தரையாகக் கூடத்துக்குள் ஊர்ந்து வந்தது.

ஆல்பி நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினான். நோரீன் அவனைவிட வேகம். அறைக் கதவுக்கு முன்னால் அவன் காலரைப் பிடித்துவிட்டாள்.

"விடு! பிஷப் உள்ள இருக்கான்!"

"பிஷப் போன வருஷமே செத்துட்டான். நீயும் சாகணுமா? எல்லாரும் வெளிய! கோட்டு, கேக்கு எதையும் எடுக்காதீங்க, நடங்க!"

எங்கள் ஆட்கள் மழைக்குள் போனார்கள். ஆனால் ஒவ்வொருவரும் கூடத்துக் கதவைத் தங்களுக்குப் பின்னால் சாத்திவிட்டுப் போனார்கள். நோரீன் திறந்தாள். அடுத்தவர் சாத்தினார். "திறந்து விடுங்கய்யா!" என்று கத்தினாள். "சரிம்மா" என்று ஒருவர் தலையாட்டிக்கொண்டே சாத்தினார். கடைசியில் என்னைக் கதவில் சாய்த்து நிறுத்தி, "நீ இங்க தூண். தூண் நகராது" என்றாள்.

வெளியே போனதும் அவள் செசிலைப் பிடித்தாள். "உம்ம மேல பட்டுச்சா?"

"காலு லேசா ஜில்லுன்னு இருக்கு."

"ஷூவக் கழட்டும். சாக்ஸக் கழட்டும். பேன்ட்டயும் கழட்டும்."

"ஊரே பாக்குது நோரீன்!"

"நனைஞ்ச துணிக்குள்ள அது தங்கிருச்சுன்னா நாளைக்கு ஊரு உம்ம காலில்லாமப் பாக்கும்."

பெருவிரல் மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. செசில் அதைத் தேய்க்கப் போனார், கையைத் தட்டிவிட்டாள். யாரோ கொதிக்கிற வெந்நீரைக் கொண்டுவந்தார்கள், அதையும் விரட்டினாள். "வெதுவெதுன்னு, குழந்தையக் குளிப்பாட்டுற மாதிரி. யாராவது டாக்டருக்குப் போன் போடுங்க." கிளப் தலைவர் மழைத் தாழ்வாரத்தில், கோடுபோட்ட அரைக்கால் உள்ளாடையோடு, பக்கத்து வீட்டிலிருந்து வந்த சாலட் பாத்திரத்தில் கால் விட்டு உட்கார்ந்தார். ஊர் மரியாதையாகப் பார்க்காத மாதிரி பார்த்தது.

"மிச்ச வெந்நீர உள்ள ஊத்தினா அது சீக்கிரம் போயிருமே?" என்றார், தலைவர் என்ற பொறுப்போடு.

"சீக்கிரம் கொதிச்சு இன்னும் நாலு மடங்கு கிளம்பும். உம்ம யோசனையெல்லாம் பாத்திரத்துக்குள்ளயே வச்சுக்கும்."

அடுத்தது அறையின் மைதானப் பக்கக் கதவு. நோரீன் வைக்கோல் கட்டுகிற கயிற்றில் ஒரு சுருக்குப் போட்டு, காற்றடிக்கிற பக்கமாக நின்று கைப்பிடியில் மாட்டி, தூரத்திலிருந்து இழுத்தாள். வெள்ளை மூட்டம் படியிறங்கிப் புல் மேல் பரவியது.

ஆல்பியை இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "என் நாய் உள்ள இருக்கு!" என்று கதறினான்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அவன் நாய் அவன் வண்டி மேல் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வெக்கமா இல்ல?" என்றாள் நோரீன். "கேளு ஆல்பி. அந்த நைட்ரஜன் உள்ள இருந்த காத்தையெல்லாம் வெளிய தள்ளிருக்கும். உள்ள போனா மூச்சு முட்டாது. இருமல்கூட வராது. நல்லாத்தான் இருக்கேன்னு நெனப்ப, அப்படியே விழுவ. உன்ன இழுக்க லெஸ் வருவான், அவனும் விழுவான். அவன இழுக்க இன்னொருத்தன். அப்புறம் நான் உங்களத்தான் ஏலம் விடணும்."

"லெஸ்ஸ யாரு வாங்குவா?" என்றான் ஆல்பி. அந்த நிலைமையிலும்.

அவள் குழந்தைகளைத் தள்ளி நிறுத்தப் போய்த் திரும்பினால், மைதானக் கதவு சாத்தியிருந்தது. பாதிரியார் அந்தப் பக்கமாக நடந்து போயிருக்கிறார். மறுபடி சுருக்கு, மறுபடி இழுவை. கார்கள் பக்கம் ஒதுங்கி நின்ற ஆட்களை எண்ணிவிட்டு வந்தால் மறுபடி சாத்தியிருந்தது.

"யாருய்யா அது?"

எல்லோரும் பாதிரியார் பக்கம் திரும்பினார்கள். பிறகுதான் கைப்பிடியிலிருந்து கழற்றிய கயிறு என் கையில் இருப்பதை எல்லோரும் பார்த்தார்கள். நானும் அப்போதுதான் பார்த்தேன்.

"தூணு!" என்றாள். "நகராதுன்னு சொன்னேனே!"

அவள் கொஞ்ச நேரம் மழையில் நின்று எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். சந்தையில் கழித்துக் கட்ட வேண்டிய மாடுகளைப் பார்க்கிற பார்வை. பிறகு ஆல்பியைப் பிடித்திருந்தவர்களிடம், "அவன விடுங்க" என்றாள்.

"ஆல்பி, காத்து உள்ள போகாம நானும் உள்ள போக மாட்டேன். நான் போகாம உன் பிஷப்ப யாரும் பாக்க முடியாது. கீல் ஆணி வெளிப் பக்கம் இருக்கு. காத்து வர்ற பக்கமா நின்னு, தலைய உள்ள விடாம, அந்தக் கதவயே கழட்டு."

அழுதுகொண்டிருந்த மனுஷன் தன் வண்டியிலிருந்து சுத்தியலை எடுத்தான். ஒவ்வோர் ஆணிக்கும், கேனை எங்கே வைக்கலாம் என்று அவள் வாசலில் சொன்னதை நினைத்துக்கொண்டானோ என்னவோ, தன் தலையில் அடித்துக்கொள்கிற மாதிரி அடித்தான். கதவு புல்லில் விழுந்தது. இப்போது சாத்துவதற்கு ஒன்றுமில்லை. ஊரே ஒருவிதமாகத் தவித்தது.

நோரீன் தன் கோட்டில் மாட்டியிருந்த, ஆக்ஸிஜன் குறைந்தால் கத்துகிற மீட்டரை, கோல் நடுவரின் கொடிக்கம்பு நுனியில் கட்டி அறைக்குள் நீட்டினாள். அது கத்தியது. வெளியே எடுத்தாள். காத்திருந்தோம். நீட்டினாள்; கத்தியது. கூடத்துக்குள் யாரும் போகக் கூடாது என்றதால் ஊர் தேநீரில்லாமல் மழையில் நின்றது. புல் மேலிருந்த மூட்டம் கரைந்த பிறகும் அவள் விடவில்லை. "புகை போனா ஆபத்து போச்சுன்னு அர்த்தமில்ல. அது வெறும் ஈரம். கண்ணுக்குத் தெரியாததுதான் ஆளக் கொல்றது."

"கேன்ல ஏதாவது மிச்சம் இருக்குமா?" ஆல்பியின் குரல் கீழே போயிருந்தது.

"படுத்த கேன்ல வயித்துப் பக்கம் கொஞ்சம் தங்கும். தங்கலாம். சத்தியம் பண்ண மாட்டேன்."

மீட்டர் மூலைமுடுக்கெல்லாம் போய்வந்து வாயை மூடிக்கொண்டது. நோரீன் முகக் கவசம் மாட்டி, உதறினால் கழன்று விழுகிற பெரிய கையுறை போட்டு, மீட்டரோடு உள்ளே போனாள். நான் வாசலிலிருந்து அவளோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று உத்தரவு. வாழ்க்கையில் முதல் முறையாக எனக்குப் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. பழைய விலைகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கேனை நிமிர்த்தினாள். நைட்ரஜன் எந்த மட்டம் வரை இருக்கிறது என்று பார்க்க ஒரு மரக் குச்சியை விட்டு எடுத்தாள். நுனியில் மூன்று விரல் உயரத்துக்கு வெள்ளைப் பனி பிடித்திருந்தது.

"கீழ் அடுக்கு முங்கித்தான் இருக்கு, பொழச்சுது. மேல் அடுக்கு போச்சு" என்றாள். "பாதி பிஷப் இருக்கான்."

ஆல்பி மழையில் மண்டியிட்டான். எங்கள் ஊரில் சர்ச்சுக்கு வெளியே அதை யாரும் பார்த்ததில்லை. பிறகு எழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"லெஸ், இனிமே பாதிதான் இருக்கு. அப்ப வெல ரெண்டு மடங்கு."

கேனை வண்டியின் பின் தட்டில், திறந்த வெளியில், நோரீன் சொன்ன இடத்தில் சொன்னபடி கட்டினான். பிறகு மறந்துபோன மூடியை எடுக்க, அவள் தலையசைத்த பின், அறைக்குள் போனான்.

மூடியை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தான். வந்தவன் திரும்பிப் பார்க்காமல் வலது கையைப் பின்னால் நீட்டினான். கை காற்றைத் துழாவியது. இன்னும் கொஞ்சம் துழாவியது. குழப்பத்தோடு திரும்பினான், வெறும் நிலையைப் பார்த்தான், புல்லில் கிடந்த கதவைப் பார்த்தான்.

மூடியைச் செசிலின் மடியில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அந்தக் கதவைத் தூக்கிவந்து, நிலையில் பொருத்திச் சாய்த்து வைத்துவிட்டுத்தான் மூடியோடு வண்டிக்குப் போனான்.