நோயாளியின் கையொப்பம்

எட்டு வாரம் முந்திப் பிறந்த என் மகள், ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். சம்பளத்தோடு விடுப்பு கேட்ட என் விண்ணப்பத்தை மேனேஜர் திருப்பித் தள்ளினார்.

"நோயாளி கையெழுத்து எங்க?"

"பொறந்து நாலு நாள்தான் சார் ஆகுது."

"ரூல்னா ரூல்தான். எழுதத் தெரியாதவங்க ரேகை வைக்கலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நர்ஸிடம் போய்ப் பொரிந்து தள்ளினேன். அவர் சிரித்துக்கொண்டே மகளின் உள்ளங்காலில் மை தடவி, விண்ணப்பத்தில் ஒற்றியெடுத்தார்.

மறுநாள் மேனேஜர் முத்திரை குத்தக் கையை ஓங்கினார்; ஓங்கியவர் நிறுத்தி, ரப்பர் முத்திரையைக் காலடித் தடத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முத்திரைதான் பெரிதாக இருந்தது.

"இவ்ளோதானா புள்ள?"

தலையாட்டினேன். மெதுவாக, சத்தமே வராமல் முத்திரையை ஒற்றினார். பிறகு என்மேல் எரிந்து விழுந்தார்.

"அப்புறம் உனக்கு இங்க என்னய்யா வேலை?"