அடைக்கக் கூடாத இடுக்கு

அல்சீட் கோமோ காலமெல்லாம் மீன்பிடிப் படகு கட்டியவர். அதனால் உலகத்தில் உள்ள எல்லாமே அவருக்குப் படகுதான், மருமகள் வீடு உட்பட. மகனுக்குக் கல்யாணமான வருஷம், அந்த வீட்டின் பின்சுவரோடு ஒட்டி, விரிகுடாவைப் பார்த்தாற்போல் ஆளுயரத்துக்கு மேல் ஒரு மரத்தளம் போட்டுக் கொடுத்தார். நன்றாகத்தான் போட்டார். தளத்தைத் தாங்கச் சுவரில் போல்ட் போட்டு முடுக்கிய பலகை, அதன் தலைமேல் மழைநீரை வெளியே தள்ள மடித்த தகரப்பட்டை, எல்லாம் முறைப்படி. அதோடு விட்டாரா மனுஷன்? தகரத்துக்கும் அதற்கு மேலே உள்ள சுவர்ப்பலகைக்கும் நடுவே ஓர் இடுக்கு தெரிந்தது. அவருக்குக் கை அரித்தது. வருஷம் தவறாமல் வந்து, படகுப் பலகைகளின் மூட்டுகளை அடைக்கிற மாதிரி அந்த இடுக்கைப் பசை வைத்து அடைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்குள் சுவர் ஈரம் ஏறி ஊதிக்கொண்டே வந்தது. மீன் ஆலையில் வேலை பார்க்கும் மருமகள் ஒதீல், ஒருநாள் ஓஸ் பைப்பை எடுத்து, கீழிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றிச் சுவரில் தண்ணீர் அடித்துப் பார்த்தாள். பசைக்கு மேலே அடித்தபோது சுவர்ப்பலகைக்குப் பின்னால் புகுந்த நீர் வெளியே வரவே இல்லை. ஒரு சுவர்ப்பலகையைக் கழற்றினாள். உள்ளே தாங்குபலகை கறுத்து, பிசுபிசுவென்று இருந்தது. ஸ்க்ரூடிரைவர் பிடிவரை இறங்கியது.

மாமனாரைக் கூட்டி வந்து காட்டினாள்.

"வம்படியா குத்தினா இரும்புலகூட ஓட்டை விழும்," என்றார் அவர். "நீ ஆவி பறக்கச் சமைக்கிற. அந்த ஈரம் இது."

"படகுக்குத் தண்ணி வெளியிலேருந்து வரும் மாமா. இங்க மேலேருந்து சுவர்ப்பலகைக்குப் பின்னாடி இறங்குது. அது வெளிய போக இருந்த ஒரே வழியையும் நீங்க அடைச்சிட்டீங்க."

"மீன் வெட்டறவ எனக்கு மரம் சொல்லித் தர்றியா?"

"அழுகல் எப்படி நாறும்னு மீன் வெட்டறவளுக்குத்தான் தெரியும்!"

அவள் கணவன் நோர்பேர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "பதினஞ்சாம் தேதி கழியட்டுமே ஒதீல். அப்புறம் பாத்துக்கலாம்," என்றான். சரியான வழவழா கொழகொழா.

ஆகஸ்ட் பதினைந்து, கனடாவின் கிழக்குக் கரையில் வாழும் பிரெஞ்சு வம்சத்தாரான அகாடியர்களின் திருநாள். கோமோ குடும்பம் மொத்தமும் அந்தத் தளத்தில் ஏறி, சட்டிபானையைத் தட்டிக் குதித்துக் கூத்தடித்துவிட்டுத்தான் தெருவில் ஊர்வலம் போகும். இத்தனை பேர் குதித்தால் தளம் சுவரைப் பிய்த்துக்கொண்டு விழும் என்பது ஒதீலுக்குத் தெரியும். அவளுடைய ஆறு வயது மகள் லிசெத்தும் அந்தக் கூட்டத்தில்தான் குதிப்பாள். அன்று காலை தளத்துக்கு ஏறும் படிக்கட்டைக் கழற்றிப் போட்டாள். தளத்துக்குப் போகும் வீட்டுக் கதவையும் பூட்டினாள்.

மாலையில் சனம் வந்தது. அல்சீட் தன் வண்டியிலிருந்து ஏணியைக் கொண்டுவந்து தளத்தின் வெளி ஓரத்தில் சாத்தி, மேலே ஏறிவிட்டார். நேரே சுவரோரம் போய் நின்று, பூட்ஸ் காலால் ஓங்கி மிதித்தார். கீழே ஒரே ஆரவாரம்.

"என் ரத்தமெல்லாம் மேல வாங்க! அவ பேச்சைக் கேக்கறவன் கீழயே நின்னு புல்லு மேயட்டும்!"

நோர்பேர் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டான். ஒதீல் அவன் சட்டையைப் பிடித்தாள்.

"நீ போ, விழுந்து செத்துப் போ. பிள்ளைய எறக்கிட்டுப் போ!"

"எல்லார் முன்னாடியும் மானத்த வாங்காத," என்று உதறிவிட்டு ஏணியின் முதல் படியில் கால் வைத்தான்.

மேலே கிழவர் இன்னொரு தடவை மிதித்தார். சட்டி சத்தத்தில் கீழே யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவர் கால் அப்படியே நின்றதை ஒதீல் பார்த்தாள். அவர் குனிந்து தளத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. பூனை மாதிரி அடிமேல் அடி வைத்து ஓரத்துக்கு வந்தவர், ஏணியைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளிவிட்டார்.

நோர்பேர் பிள்ளையோடு புல்லில் உட்கார்ந்துவிட்டான். லிசெத் வீலென்று அலறினாள். அடி எதுவும் படவில்லை.

"கிழவனுக்குப் பைத்தியமா?" என்றாள் ஓர் அத்தை.

"குடிச்சிருக்கான்," என்றது இன்னொரு குரல்.

"ஆமா, குடிச்சிருக்கேன்!" என்று கத்தினார் அல்சீட். "இது நான் கட்டினது. ஒருத்தரும் ஏற வேண்டாம். போங்க எல்லாரும்!"

நோர்பேர் எழுந்தான். "என் பிள்ளையத் தள்ளிவிட்ட ஆளு இனி எனக்கு அப்பா இல்ல. இந்த வீட்டு வாசல மிதிக்கக் கூடாது." மகளைத் தூக்கிக்கொண்டு தெருப்பக்கம் நடந்தான். கூட்டமும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனது. தெருவில் மறுபடி சட்டி சத்தம் கிளம்பியது.

ஒதீல் மட்டும் ஏணியை எடுத்து, தளத்தின் வெளி ஓரத்தைத் தாங்கும் மூலைத்தூணில் சாத்தினாள். கிழவர் மெல்ல இறங்கினார். அவள் நீட்டிய கையைத் தட்டிவிட்டார்.

"உங்களுக்குக் கேட்டுச்சு," என்றாள் அவள். "பலகை முறியற சத்தம். அதான் தள்ளினீங்க."

"வாயத் திறந்த, அப்புறம் நடக்கறதே வேற. குடிகாரன்னு சொல்லட்டும், பைத்தியம்னு சொல்லட்டும். மகன் மூஞ்சியில முழிக்காட்டாலும் போகுது. மரம் தெரியாதவன்னு மட்டும் எவனும் சொல்லக் கூடாது."

ஒதீலுக்கு அவர்மேல் இத்தனை வருஷத்துக் கோபமும் நெஞ்சில் முட்டியது. திரும்பித் தெருவைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினாள்.

"நோர்பேர்! உங்கப்பா அடைச்சு அடைச்சுத்தான் பலகை இத்துப் போச்சு! அது முறியுதுன்னு தெரிஞ்சுதான் ஏணியத் தள்ளினாரு! உன் பிள்ளையக் காப்பாத்தினாரு!"

தெருவில் சட்டி சத்தம் நின்றது. ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

குடிகாரன் என்றபோதும் பைத்தியம் என்றபோதும் நிமிர்ந்தே நின்ற அல்சீட், அப்படியே புல்லில் உட்கார்ந்தார்.

"அடிப்பாவி," என்றார்.