ஏழாவது பட்டன்

புதுச் சட்டை பிளாஸ்டிக் உறையோடு என் தையல் மெஷின் மேல் வந்து விழுந்தது. கொண்டுவந்தவர் டிரைவர் அண்ணன். என் கணவர் கண்டக்டராக இருந்த பஸ்ஸைப் பதினாறு வருடம் ஓட்டியவர். "டிப்போவுல எல்லாருக்கும் புது யூனிஃபார்ம் குடுத்துட்டாங்கம்மா. பத்து நாள்ல மெடிக்கல் போர்டு வருதுல்ல, அன்னிக்கு இதத்தான் போட்டுட்டு வரணுமாம். பழசு ஆகாதாம்" என்றார். உள்ளே கட்டிலில் இருந்த என் கணவர், "சட்டை எதுவா இருந்தா என்னண்ணே, கை நம்ம கைதானே" என்று குரல் கொடுத்தார். நான் உறைக்கு மேலாகவே காஜாவைத் தடவிப் பார்த்தேன். பட்டன் நுழைகிற ஓட்டைக்கு எங்கள் தொழிலில் காஜா என்று பெயர். மெஷினில் எடுத்த காஜா, கஞ்சி போட்ட துணி, நெருக்கமான தையல். ஏழும் ஒரே அளவில் இருந்தன.

அவருக்குப் பக்கவாதம் வந்தது நான்கு மாதத்துக்கு முன்பு, ஓடுகிற பஸ்ஸில். டிக்கெட் கிழிக்கப் போன கை அப்படியே தொங்கிவிட்டது, வாயிலிருந்த விசில் நழுவியது. கம்பியைப் பிடிக்க முடியாமல் படிக்கட்டுப் பக்கம் சரிந்தவரைப் பார்த்து யாரோ ஒரு பயணி, "கண்டக்டர் தண்ணியப் போட்டிருக்கான்" என்று சொன்னானாம். வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்தவரில்லை. ஆஸ்பத்திரியில் நாக்கு திரும்பியதும் அவர் என்னிடம் முதலில் சொன்னது அதைத்தான். கால் வந்துவிட்டது, பேச்சு வந்துவிட்டது, அந்தச் சொல் மட்டும் அவருக்கு ஆறவில்லை. அதே வண்டியில் மறுபடி ஏறி, அதே இடத்தில் நின்று, ஒருதரம் விசில் ஊத வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

வலது கைதான் வரவில்லை. வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பிசியோ பெண், "பெருசா ஒண்ணும் வேண்டாம் சார். சின்னதா ஒரு இலக்கு வெச்சுக்கங்க, தினம் எவ்வளவு தூரம் வந்தீங்கன்னு எழுதி வைங்க" என்றாள். "போற ஊர போர்டுல எழுதாம வண்டிய ஷெட்ட விட்டே எடுக்கக் கூடாதும்மா, எனக்கா சொல்ற?" என்று சிரித்தார். மெடிக்கல் போர்டில் சோதிக்கிற டாக்டர் என்ன செய்வார் என்பதை டிரைவர் அண்ணன் விசாரித்து வைத்திருந்தார். சட்டையைக் கழற்றச் சொல்லி நெஞ்சைப் பார்ப்பாராம். பிறகு, "போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாராம். இரண்டு கையும் சேர்ந்து வேலை செய்கிறதா என்பதற்கு அவருக்கு அதுதான் பரீட்சை. தேறாதவர்களை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், வேலை முடிந்தது. அதனால் என்னை ஓர் அட்டை வெட்டச் சொல்லி, இடது கையால் கோழிக் கிறுக்கலாக 'ஏழு பட்டன், ஐந்து நிமிடம்' என்று எழுதிக் கண்ணாடிக்குக் கீழே ஒட்டிக்கொண்டார்.

பஸ் எந்த ஸ்டேஜை எத்தனை மணிக்குத் தாண்டியது என்று இருபத்திரண்டு வருடம் ட்ரிப் ஷீட் எழுதிய மனிதர். பட்டனையும் அவர் அப்படித்தான் பார்த்தார். ஒரு நோட்டில் நாளுக்கு ஏழு கட்டம் கோடு போட்டார். ஒரு பட்டனுக்கு ஒரு கட்டம், மேலிருந்து கீழே, உள்ளே அது பிடித்த நிமிடம். காலை ஏழரை மணிக்கு மேஜைக் கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு உட்காருவார். பழைய காக்கிச் சட்டை ஒன்றுதான் எப்போதும், ராசியான சட்டை. முதல் இரண்டு வாரம் மூன்று பட்டனைத் தாண்ட முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் முதுகெல்லாம் வேர்த்து, கீழுதடு கோணிக்கொள்ளும். "மூணாவது ஸ்டேஜ்லயே பிரேக் டவுன்" என்று முதலில் தமாஷ் செய்தார். பிறகு தமாஷும் நின்றுபோனது. ஒருநாள் சட்டையைச் சுருட்டி என் மெஷின் மேல் எறிந்துவிட்டு, "விட்டுடும்மா. இந்தக் கண்டக்டர் கதை முடிஞ்சுதுன்னு வெச்சுக்க" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

நாலு நாள் அந்தச் சுவரையே பார்த்தார். பயிற்சிக்குக் கொடுத்த பந்தை அழுத்தவில்லை, விரலை நீட்டி மடக்கவில்லை. பிசியோ பெண் வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே, "இந்த மூணு மாசம்தாங்க்கா முக்கியம். இப்ப விட்டா அப்புறம் கை வராது. எப்படியாவது செய்ய வைங்க" என்றாள். எப்படியாவது என்றால் எப்படி என்று அவள் சொல்லவில்லை. கெஞ்சினேன், திட்டினேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். ஐந்தாம் நாள் மத்தியானம் அவர் கண்ணயர்ந்த நேரத்தில் அந்தச் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு கத்திரியை எடுத்தேன். காஜாக்களை அரை நூல் பெரிதாக வெட்டி, அதே காக்கி நூலால் ஓரம் கட்டினேன். எட்டில் ஒரு பங்கு அங்குலம்தான் எங்களுக்கு ஒரு நூல். அரை நூல் என்பது கண்ணுக்குத் தெரிகிற விஷயமே இல்லை. ஊரார் சட்டையெல்லாம் ஆல்ட்டர் செய்து பிழைக்கிறவள், என் வீட்டுச் சட்டையை ஆல்ட்டர் செய்தால் என்ன குற்றம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் காலை அழாத குறையாக அவரை உட்கார வைத்தேன். "ஒரே ஒரு தடவைங்க. எனக்காக." ஐந்து பட்டன் போட்டார்.

அடுத்த நாளே ஏழையும் போட்டுவிட்டார். நோட்டை எடுத்து நிமிடத்தை எழுதும்போது அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் என்னை மாதிரிதான் செய்திருப்பீர்கள். பத்து நாளுக்கு ஒருமுறை இன்னும் கால் நூல், அரை நூல். விரல் நுனியில் அவருக்கு உணர்ச்சி குறைவு என்பதால் தெரியவில்லை. நாற்பது நிமிடம் முப்பதானது, முப்பது பதினெட்டானது. குறையக் குறைய அவருக்கு வெறி பிடித்தது. சொல்லாமலே பந்தை அழுத்தினார், டம்ளரில் இருந்த பாசிமணியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி இன்னொரு டம்ளரில் போட்டார். பிசியோ பெண் அசந்துபோய், "சாரப் பாத்து நாலு பேர் கத்துக்கணும்" என்றாள். "எல்லாம் இவ குடுக்கிற தைரியம்" என்று அவர் என்னைக் காட்டினார். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றேன். இதில் எவ்வளவு அவர் கை, எவ்வளவு என் கத்திரி என்று எனக்கே கணக்குத் தெரியவில்லை.

ஏழாவது பட்டன் மட்டும் எப்போதும் அவரைப் படுத்தியது. ஆறையும் மளமளவென்று தாண்டிவிட்டுக் கடைசியில் திணறுவார். "டெர்மினஸ் கிட்ட வந்தா எப்பவும் டிராஃபிக்தான்" என்பார். நான் மெஷின் பக்கம் குனிந்துகொள்வேன். போன வாரம் ஏழும் சேர்ந்து நாலு நிமிடம் ஐம்பது வினாடி. எழுந்து போய் ஆணியில் தொங்கிய விசிலை எடுத்துத் துடைத்து, வீட்டு நடுவில் நின்று நீளமாக ஒரு ஊதல் ஊதினார். நான் பின்கட்டுக்குப் போய் அழுதேன். அடுத்த நிமிடமே அவர் இருமினார், மூன்றாவது பட்டன் தானாகக் கழன்றுகொண்டது. "ரொம்ப எளைச்சுட்டேன் போல" என்று சொல்லிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

டிரைவர் அண்ணன் புதுச் சட்டையைக் கொண்டுவந்தது அதற்குப் பிறகுதான். அவர் போனதும், "நாளைக்குக் காலைல இதுல ஒரு டிரையல் ட்ரிப் அடிச்சுடலாம்" என்று சொல்லிவிட்டு இவர் குளிக்கப் போனார். இப்போதெல்லாம் தானே குளிக்கிறார். நான் உறையைப் பிரித்தேன். கத்திரி கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஏழு காஜாவுக்கும் சேர்த்து அரை மணி நேர வேலை. டாக்டர் கடிகாரத்தைத்தான் பார்க்கப் போகிறார், காஜாவைப் பார்க்கப் போவதில்லை. முதல் காஜாவில் கத்திரி முனையை வைத்தும்விட்டேன். அப்போது குளியலறையில் சோப்பு டப்பா விழுந்த சத்தம் கேட்டது. வழுக்கி விழுந்தாரோ என்று ஓடினேன். "ஒண்ணுமில்ல, கை நழுவிடுச்சு" என்றார். கை நழுவிவிட்டது. திரும்பி வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். அந்தக் கை ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க வேண்டிய கை. இந்த டாக்டரை ஏமாற்றிவிடலாம். டிரைவர் அண்ணன் சடாரென்று பிரேக் போடும்போது, படிக்கட்டை ஒட்டி நிற்கிறவருக்கு அரை நூலா உதவப்போகிறது? கத்திரியை டிராயருக்குள் போட்டு மூடினேன்.

காலையில் அவர் வழக்கம்போல் கண்ணாடிக்கு எதிரில் உட்கார்ந்தார். கடிகாரம் எதிரில், நோட்டு பக்கத்தில், புதுச் சட்டை மடியில்.

"போலாம், ரைட்" என்றார்.

"இருங்க. ஒரு விஷயம் சொல்லணும்" என்றேன். பழைய சட்டையை அவர் மடியில், புதுச் சட்டைக்கு மேல் வைத்தேன். இரண்டு சட்டையின் காஜாவையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டினேன். அதற்கு மேல் பெரிதாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இடது கை விரலை ஒரு காஜாவுக்குள் விட்டுச் சுற்றிப் பார்த்தார்.

"எப்பலேருந்து?"

"நீங்க சட்டையத் தூக்கி எறிஞ்சீங்களே, அதுலேருந்து."

"டிக்கெட் எடுக்காதவன் எவனா இருந்தாலும் மூஞ்சியப் பாத்தே புடிச்சுடுவேன்" என்றார் கண்ணாடியைப் பார்த்து. "வீட்டுக்குள்ளயே ஒண்ணு இத்தனை நாள் வந்துட்டிருந்திருக்கு."

"நீங்க சுவரப் பாத்துப் படுத்திருந்தீங்க. எனக்கு வேற வழி தெரியலங்க" என்றேன். அவர் கண்ணாடிக்குக் கீழே இருந்த அட்டையின் ஒரு ஓரத்தை நகத்தால் நெம்பினார். பசை விட்டு மூலை எழும்பியது. கிழித்துப் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளப் போகிறார், இந்தத் தடவை அந்தச் சுவரிலிருந்து இவரைத் திருப்ப என்னிடம் ஒன்றும் இல்லை என்று நினைத்தேன்.

கை பாதியில் நின்றது.

"ஏழும் வெட்டினியா?"

"ஆறு."

"எத வெட்டல?"

"கடைசி. டிக்கெட் பையோட பக்கிள் உரசி உரசி அந்த எடத்துல துணி நைஞ்சிருந்துச்சு. கத்திரி வெச்சா பிரிஞ்சிடும்னு விட்டுட்டேன்."

அவர் நோட்டை எடுத்தார். விரலை நாக்கில் தொட்டுப் பக்கங்களைப் பின்னால் புரட்டினார், அவர் ஏழாவது கட்டத்தில் முதன்முதலாக எழுதிய நாள் வரைக்கும். பிறகு அந்த ஒரு வரிசையில் மட்டும் வலது கைச் சுட்டுவிரலை வைத்து, பக்கம் பக்கமாக இழுத்துக்கொண்டே வந்தார். பதினொன்று. பதினொன்று. பத்தரை. பன்னிரண்டு. ஒன்பது. ஏழு. மறுபடி எட்டு. ஐந்தரை. நான்கு. மூன்று. போன வாரம் இரண்டு. எதிரில் நின்று தலைகீழாக நானும் படித்தேன். இத்தனை நாளும் அந்த எண்கள் அங்கேயேதான் இருந்திருக்கின்றன.

"ரெண்டு நிமிஷம்" என்றார். "ஏழு ரெண்டு பதினாலு. பதினாலு நிமிஷம்னா டாக்டர் எழுந்து டீ குடிக்கப் போயிடுவாரு." உதட்டோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பா இல்லையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. "இன்னும் ஒம்போது நாள் இருக்கு."

"போர்டுகிட்ட டைம் கேட்டுப் பாக்கலாமே, இன்னும் ஒரு மாசம்..."

"அது அப்புறம்." எழும்பிய அட்டை மூலையைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார். அது சரியாக ஒட்டவில்லை. பழைய சட்டையை என்னிடம் நீட்டிவிட்டுப் புதுச் சட்டையில் கையை நுழைத்தார். கஞ்சித் துணி மொடமொடத்தது. உதவிக்கு நீண்ட என் கையைப் பார்த்ததும் தோளைத் தள்ளி வைத்துக்கொண்டார். மேல் பட்டனுக்குப் போகாமல் குனிந்து கீழ் விளிம்பைப் பிடித்தார்.

"அங்கேருந்தா?"

"திரும்பற ட்ரிப்பு கடைசி ஸ்டேஜ்லேருந்துதான் கிளம்பும்." கடிகாரத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "நேரம் நீ சொல்லு. உள்ளது உள்ளபடி சொல்லு."

அந்தச் சொல் எங்கே பட வேண்டுமோ அங்கே பட்டது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கடிகாரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். புதுத் துணி முரண்டு பிடித்தது. கட்டைவிரல் வழுக்கியது, மறுபடி தேடியது, மறுபடி வழுக்கியது. வெளியே தெருவில் யாரோ ஆல்ட்டர் துணியோடு வந்து என்னைக் கூப்பிட்டார்கள். நான் எழவில்லை.

"ரெண்டு" என்றேன். அவர் நிமிரவில்லை. வேர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது.

"மூணு."

கீழுதடு கோணிக்கொண்டது. ஒன்றைக் குறைத்துச் சொல்ல என் நாக்கு துடித்தது.

"நாலு ஆச்சுங்க" என்றேன்.

காஜாவின் விறைத்த உதடுகளுக்கு நடுவே பட்டனின் ஒரு விளிம்பு வெளியே வந்திருந்தது. அதற்குப் பின்னால், ரத்தம் சுண்டி வெளுத்த நகத்தோடு, அவருடைய கட்டைவிரல் தள்ளிக்கொண்டிருந்தது.