கைதூக்கித் தேர்ந்தெடுத்த டாக்டர்

என் தம்பி கெத்தின் டாக்டர் வேலைக்கு வந்தது மூளையால் அல்ல, காலால். அக்காக்காரி இப்படிப் பேசலாமா என்று கேட்பார்கள், கேட்டுவிட்டுப் போகட்டும். மருத்துவப் படிப்பில் இரண்டு தடவை தேறாமல் மூன்றாவது தடவை தட்டுத்தடுமாறி மேலே வந்தவன் அவன். ஆனால் வேல்ஸ் அணிக்காக ரக்பி ஆடி, கொட்டும் மழையில் மூன்று இங்கிலாந்துக்காரர்களை உதறித் தள்ளிவிட்டுப் பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்து ஜெயிக்கவைத்தவனும் அவன்தான். எங்கள் பள்ளத்தாக்கு இதில் எதை நினைவில் வைத்துக்கொண்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்தில் டாக்டரைச் சுரங்கத் தொழிலாளிகள் ஓட்டுப்போட்டுத்தான் வைத்துக்கொள்வார்கள். அவர்கள் கூலியில் வாராவாரம் பிடித்துத்தானே அவருக்குச் சம்பளம். மகாராணியின் பொன்விழாவுக்கு மறுவருடம் அந்த இடம் காலியானபோது இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் ப்ரோபர்ட். அடுத்த ஊரில் இருபது வருடமாக எலும்பு முறிவு பார்த்தவர், சரியான சிடுமூஞ்சி. இன்னொருவன் என் தம்பி. பைப் பற்றவைக்கிற நேரத்துக்குள் கூட்டம் முடிந்து, கெத்தினைத் தோளில் சுமந்துகொண்டு வந்து எங்கள் வாசலில் இறக்கினார்கள். எனக்கும் அன்றைக்குத் தலைகால் புரியவில்லை.

கெத்தின் ஆட்டத்துக்குக் காசு வாங்காதவன். அதில் அவனுக்கு அப்படி ஒரு கர்வம். கூலிக்கு ஓடுகிறவன் ஆட்டக்காரனே இல்லை என்பான். ஒரு கிளப்காரர் ரகசியமாகப் பணம் நீட்டியபோது அந்த மனுஷரைப் படியேறவே விடவில்லை.

எலிஸ் என்ற தொழிலாளியின் காலில் பாறை விழுந்தது ஒரு பிப்ரவரி மாதம். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. எலிஸ் என் தம்பியின் பக்தன். கெத்தின் ஆடுகிற இடமெல்லாம் போய்த் தொண்டை கட்டக் கத்துகிறவன். கெத்தின் பலகை வைத்து, துணி சுற்றி, இறுக்கிக் கட்டிவிட்டு வந்தான். கட்டும்போது இருவரும் போன வார ஆட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்களாம்.

அந்த வாரச் சனிக்கிழமை காலை எலிஸின் மனைவி நெஸ்ட்டா மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"விரலெல்லாம் கறுத்துப் போச்சு டாக்டர். ஊசியால குத்திப் பாத்தேன், அவருக்கு உறைக்கவே இல்ல."

கெத்தின் ஆட்டச் சட்டையைப் போட்டுக்கொண்டு புறப்பட்டு நின்றான். "வீக்கந்தான்மா. சாயந்திரம் வந்து அவுத்துப் பாக்குறேன்."

"டேய், அவங்க வீடு இந்தா இருக்கிற மேட்டுலதான்டா. ஒரு எட்டு பாத்துட்டுப் போ" என்றேன்.

"ரயில் போயிரும்க்கா. ஊரே ஸ்டேஷன்ல நிக்குது."

போய்விட்டான். ப்ரோபர்ட்டைக் கூப்பிடச் சொல்லி நெஸ்ட்டாவிடம் மன்றாடினேன். எலிஸ் விடமாட்டான் என்றாள் அவள். நம்ம டாக்டரை வைத்துக்கொண்டு இன்னொருவரைக் கூப்பிட்டால் அது அவருக்கு அவமானம் என்று காலையிலேயே சத்தம் போட்டானாம்.

அன்றைக்கும் ஜெயித்தார்கள். வெற்றியைக் கொண்டாட வந்த கூட்டத்திலிருந்து நழுவி, கெத்தின் நேராக எலிஸ் வீட்டுக்குப் போனான். நானும் பின்னாலேயே போனேன். கட்டைப் பாதி அவிழ்த்ததுமே நாற்றம் அடித்தது. அவனே ஓடிப்போய் ப்ரோபர்ட்டைக் கூட்டி வந்தான்.

ப்ரோபர்ட் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உன்கிட்ட எப்போ சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டார்.

"காலைல."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். சமையலறை மேஜைமேல் வைத்து முழங்காலோடு காலை எடுத்தார். என் தம்பிதான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அதன் பிறகு அவன் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. யாராவது காறித் துப்பியிருந்தாலாவது கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பான். ஒருவரும் துப்பவில்லை. சுரங்கமென்றால் கால் போகும், கை போகும் என்று அவனுக்கே ஆறுதல் சொன்னார்கள். கசாப்புக்கடைக்காரர் வழக்கம்போல நல்ல துண்டாகப் பார்த்து எடுத்துவைத்தார். எனக்கு அந்தக் கறியை வாயில் வைக்கக் கூசியது.

தொழிலாளிகளின் மாதக் கூட்டத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னான். பெண்களுக்கு உள்ளே இடமில்லை. நானும் நெஸ்ட்டாவும் ஜன்னலுக்கு வெளியே நின்றோம்.

"ஆட்டத்துக்குக் காசு வாங்கினதில்லன்னு பெருமையடிச்சுக்கிட்டேன்" என்றான் கெத்தின். "நீங்க தர்ற சம்பளம் பூரா அந்த ஆட்டத்துக்குத்தான். வைத்தியத்துக்கு இல்ல. எலிஸோட கால நான்தான் அழிச்சேன். ரயிலுக்கு நேரமாச்சுன்னு பாக்காமப் போனேன். என்னை அனுப்பிடுங்க."

யாரோ, "உக்காருங்க டாக்டர், மனசப் போட்டு அலட்டிக்காதீங்க" என்றார். டாக்டர் இருக்கட்டும் என்பவர்கள் கைதூக்கச் சொன்னார் தலைவர். நாற்காலியோடு தூக்கி வந்து உட்காரவைக்கப்பட்டிருந்த எலிஸின் கைதான் முதலில் உயர்ந்தது. அப்புறம் அறை முழுக்கக் கைகள்.

"எனக்குக் கை இருக்கு. ஓட்டுதான் இல்ல" என்று சொல்லிவிட்டு நெஸ்ட்டா நடக்க ஆரம்பித்தாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது.

இனி பந்தைத் தொடுவதில்லை, ப்ரோபர்ட்டிடம் போய் ஒழுங்காகத் தொழில் படிக்கப் போகிறேன் என்றான் கெத்தின். சரி, இப்போதாவது புத்தி வந்ததே என்று நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை எலிஸ் கக்கத்துக் கட்டைகளை ஊன்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். கழுத்தில் கெத்தினின் விளையாட்டு பூட்ஸ் தொங்கியது. சுரங்கத்தில் இனி அவனுக்கு வேலையில்லை என்பதால், பூட்ஸ்களைத் துடைத்து எண்ணெய் போடும் வேலையை கிளப் கொடுத்திருக்கிறதாம். பெஞ்சில் உட்கார்ந்து, மிச்சமிருந்த தொடையைத் தட்டினான்.

"கால வைங்க டாக்டர், நான் மாட்டிவிடுறேன்."

"நான் இனிமே ஆடப்போறதில்ல எலிஸ்."

எலிஸின் முகம் வெளிறிவிட்டது. "அப்படிச் சொல்லாதீங்க. உங்க பூட்ஸப் பாத்துக்கத்தான் என்னை வச்சிருக்காங்க. நீங்க ஆடலேன்னா எனக்கு இந்த வேலையும் போயிரும்."

கெத்தின் என்னைப் பார்த்தான். ஏதாவது சொல்லிக் காப்பாற்று என்று அவன் கண் கெஞ்சியது. பிறகு கெத்தின் எதிரே உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல், எலிஸின் மடியில் காலை வைத்தான்.