கரண்ட் குடித்த எண்ணெய்

எங்கள் வீட்டுக் கோழிக்கூட்டின் கதவு ஒரு பழைய ட்ரான்ஸ்போமரின் மூடி. நான்தான் அளவாக வெட்டிப் பூட்டினேன். கிண்ணியாவில் இருபத்தாறு வருடமாக வெல்டிங் கடை வைத்திருக்கிறேன். இரும்பை வீணாக்க எனக்கு மனம் வராது. எண்ணெயையும் நான் வீணாக்கவில்லை.

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு ஐஸ் கம்பனி போன வருடம் தன் பழைய சாமான்களை ஏலம் விட்டது. இரண்டு ட்ரான்ஸ்போமர்களை நான் எடுத்தேன். லொறியில் ஏற்றும்போது மூடியில் ஒட்டியிருந்த மஞ்சள் காகிதத்தைக் காட்டி, "இது என்ன சேர்?" என்று மனேச்சர் துவாரகனிடம் கேட்டேன்.

"அது பழைய நம்பர் நானா. சுரண்டி எறியுங்கோ." நானா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்.

ஒன்றைச் சுரண்டினேன். மற்றதற்கு நேரம் கிடைக்கவில்லை.

உள்ளே மிஞ்சியிருந்த எண்ணெயைச் சோடாப் போத்தல்களில் வடித்து எடுத்தேன். எங்கள் பக்கத்தில் அதற்குத் தனி மதிப்பு. வருடக்கணக்காகக் கரண்ட் குடித்த எண்ணெய், மூட்டுக்குள் இறங்கி நோவை இழுத்தெடுத்துவிடும் என்பார்கள். என் வாப்பாவும் பூசினவர். முழங்கால் நோ, இடுப்பு நோ என்று வந்தவர்களுக்குச் சும்மாதான் கொடுத்தேன். பதினொரு போத்தல். பன்னிரண்டாவதை வீட்டில் வைத்துக்கொண்டேன்.

அந்தப் போத்தலைத்தான் என் மனைவி நஜ்முன் நிஸா எடுத்தாள். பிள்ளை பெற்று வந்திருந்த எங்கள் மகள் ரிப்காவுக்கு முதுகு நோ. தினமும் குளிக்க வார்ப்பதற்கு முன் முதுகு முழுக்கத் தேய்த்தாள். இருபத்துமூன்று நாள்.

இருபத்துநான்காம் நாள் குழந்தையை நிறுக்க வந்த மிட்வைப் கஜந்தி வாசலிலேயே மூக்கைச் சுளித்தார்.

"என்ன மணம் இது? கராஜுக்குள்ள வந்த மாதிரிக் கிடக்கு."

"ட்ரான்ஸ்போமர் எண்ணெய் மிஸ்," என்றாள் நஜ்முன் நிஸா பெருமையாக. "நல்ல சாமான். நாள் முழுக்க நடந்து திரியிற கால் ஒங்கட. கொஞ்சம் தரவா?"

கஜந்தி சிரிக்கவில்லை. எங்கே எடுத்தது என்று கேட்டார். நான் கோழிக்கூட்டுக் கதவைக் காட்டினேன். குனிந்து அந்த மஞ்சள் காகிதத்தைப் படித்தார். படித்துவிட்டு நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"பி.சி.பி எண்டு போட்டிருக்கு நானா. நஞ்சு. கையால தொடவே கூடாது எண்டு இங்கிலீசில எழுதிக் கிடக்கு. நீங்கள் முதுகில பூசியிருக்கிறியள்."

கோழிகள் அந்தக் கதவடியில் கிளறிக்கொண்டு நின்றன. அவை இட்ட முட்டையும் ரிப்காவுக்குத்தான் போனது.

கஜந்தி அங்கேயே நின்று டொக்டருக்குப் போன் எடுத்தார். எல்லோருக்கும் கேட்கும்படி போட்டார். டொக்டர் அம்மா பொறுமையாகத்தான் சொன்னார். அந்த நஞ்சு மண்ணில் உக்காதாம், தண்ணீரில் கரையாதாம். உடம்புக்குள் போனால் கொழுப்பில் போய்க் குந்திக்கொள்ளுமாம், வருடக்கணக்கில். தாய்ப்பாலிலும் இறங்குமாம்.

"ஆனா பாலை நிப்பாட்ட வேண்டாம் தங்கச்சி. எண்ணெயையும் அந்த முட்டையையும் நிப்பாட்டுங்கோ. எண்ணெயில எவ்வளவு கலந்திருக்கு எண்டு தெரியாம நான் மேல ஒண்டும் உறுதியாச் சொல்ல ஏலாது. கம்பனி சோதிச்ச ரிப்போட் கட்டாயம் இருக்கும். அது கிடைச்சா கொழும்புக்கு எழுதி இரத்தம் பாக்க ஒழுங்கு செய்யலாம்."

'உறுதியாச் சொல்ல ஏலாது' என்றது மட்டும்தான் ரிப்காவின் காதில் விழுந்தது. குழந்தையை உம்மாவின் கையில் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"எவ்வளவு எண்டு தெரியாம எண்ட பாலால நஞ்சு குடுக்கச் சொல்றீங்களா? நான் குடுக்க மாட்டன்."

மாப்பால் கரைத்துக் கரண்டியால் கொடுத்தோம். குழந்தை துப்பித் துப்பி அழுதது. தாய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தச் சத்தத்தில் எனக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. முதலில் நான் கொடுத்ததைத் திருப்பி எடுக்க வேண்டும் என்று மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

இரண்டு வீட்டில் போத்தல் காலி, பூசி முடித்துவிட்டார்கள். எட்டு வீட்டில் தந்தார்கள். கடைசியாகச் சாம்பல்தீவுக்குப் போனேன். அங்கே கடல்தொழில் செய்கிற பாக்கியரத்தினம் அண்ணன் போத்தலை மடிக்குள் வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்று சிரித்தார்.

"பத்து மாசமாக் குளிசை போட்டும் மடங்காத முழங்கால், உம்மட எண்ணெயாலதான் மடங்கினது. வேணுமெண்டா முழங்காலையும் கழட்டிக்கொண்டு போம்."

"அண்ணே, அது நஞ்சு. எண்ட மகள் புள்ளைக்குப் பால் குடுக்க ஏலாமக் கிடக்கிறாள்."

சிரிப்பு நின்றது. போத்தலை மடியிலிருந்து வெளியே எடுத்தார். "அப்ப கடலில ஊத்திவிடுறன்."

"ஊத்தாதீங்க! மீனுக்குள்ள போகும். அந்த மீன நாமதான் தின்னுவம்."

"அப்ப மண்ணில தாட்டுவிடுவம்."

"கிணத்துக்கு வரும்."

"எரிப்பம்."

"புகை அதைவிட நஞ்சாம்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊத்தவும் ஏலாது, புதைக்கவும் ஏலாது, எரிக்கவும் ஏலாது! அப்ப என்ன கோதாரிக்கு இதை உம்மட தலையில கட்டினவன்? கொண்டுபோய் அவன்ட மேசையிலயே வையும்!"

வைத்தேன்.

அவர் தந்ததும் வீட்டில் இருந்ததுமாகப் பத்துப் போத்தலையும் பொலித்தீனில் சுற்றி அரிசிப் பைக்குள் போட்டுக்கொண்டு கம்பனியின் டவுன் ஒபிசுக்குப் போனேன். துவாரகன் கதிரையில் சாய்ந்திருந்தார். ட்ரான்ஸ்போமரைச் சோதித்த ரிப்போட் வேண்டும் என்றேன். மகளின் கதையைச் சொல்லவில்லை, எண்ணெயைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"அப்பிடி ஒரு ரிப்போட்டும் இல்ல நானா. நாங்கள் இரும்பாத்தான் வித்தனாங்கள்."

பையைத் திறந்து ஒரு போத்தலை மேசையில் வைத்தேன். பழைய சோடாப் போத்தல். மேலே லேபல்கூட இல்லை.

துவாரகன் கதிரையோடு பின்னால் போய்ச் சுவரில் முட்டினார்.

"ஐயோ, என்ன செய்யிறீங்கள்? அதை இங்க வைக்காதேங்கோ!"

"ஏன் சேர்? நெக்டோ சோடாவாயும் இருக்கலாமே. உள்ளுக்கு என்ன எண்டு நான் சொல்லவே இல்லையே."

இரண்டாவதை வைத்தேன். மூன்றாவதை வைத்தேன். அவர் லப்டொப்பைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். லொறியில் ஏற்றும்போது கசிந்த எண்ணெயில் நான் வெறுங்கையோடு குளித்ததைப் பார்த்துக்கொண்டு நின்றவர் இந்த மனிதன்.

"ஒங்களுக்கு முதுகு நோ இருக்கா சேர்? பூசி விடுறன். எண்ட மகளுக்கு இருபத்துமூணு நாள் பூசினது. புள்ள பெத்த பச்சை உடம்பு." மூடியில் கை வைத்தேன்.

"வேண்டாம்! ஜுமானா, அந்தப் பச்சை பைலைக் கொண்டாங்கோ!"

கிளாக் பிள்ளை ஜுமானா கொண்டுவந்து போட்டோக் கொப்பி எடுத்தாள். காகிதத்தை என் கையில் தரும்போது தலை குனிந்திருந்தாள். இரண்டு தாள். முதல் தாளில் திகதி. ஏலத்துக்கு இரண்டு மாதம் முந்திய திகதி.

"போத்தல்களை எடுத்துக்கொண்டு போங்கோ நானா," என்றார் துவாரகன் பின்னால் இருந்து.

"அது ஒங்கட சாமான் சேர். மூடி ஒண்டு எண்ட வீட்ட கிடக்கு. அதையும் கொண்டாறன்."

கஜந்தி அந்தத் தாள்களைப் படமெடுத்து டொக்டருக்கு அனுப்பினார். அரை மணித்தியாலத்தில் டொக்டர் பேசினார். கலந்திருக்கும் அளவு கூடுதல்தான். தாய்க்கும் பிள்ளைக்கும் இரத்தம் பார்க்க இன்றே எழுதுகிறாராம், வருடக்கணக்கில் கிளினிக்கில் வைத்துப் பார்க்க வேண்டுமாம். பாலால் வரும் நன்மை அந்தக் கெடுதியைவிடப் பெரிது என்று, பாலைக் கொடுக்கச் சொல்லித்தான் இப்போதும் சொன்னார்.

ரிப்கா எழும்பி இருந்தாள். "வாப்பா, அந்தத் தாளத் தாங்க."

எண்களைப் பார்த்தாள். பிறகு திகதியில் விரலை வைத்தாள்.

"ஏலத்துக்கு முந்தியே தெரியும்."

"ஓம் மகள்."

"தெரிஞ்சும் ஒங்களச் சுரண்டச் சொன்னான்."

"ஓம்."

உள்ளே குழந்தை வீரிட்டது. ரிப்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

"அவனுகள் மறைச்சதுக்கு எண்ட புள்ள ஏன் பட்டினி கிடக்கணும்? கொண்டாங்க உம்மா."

நஜ்முன் நிஸா குழந்தையைக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் வெளியே போய், கையுறை போட்டுக்கொண்டு கோழிக்கூட்டுக் கதவைக் கழற்றத் தொடங்கினேன்.