பாக்கி இருந்த ஒரே எண்

பெரிய எண்களின் குணங்களை எழுதிவைப்பதுதான் எங்கள் வேலை. ஒற்றையா இரட்டையா, வர்க்கமா, ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் பகா எண்ணா என்று பக்கத்துக்கு ஓர் எண். அடியில் இரண்டு கட்டம்: ஒன்றில் என் கையெழுத்து, மற்றதில் தம்பியுடையது. இரண்டும் இல்லாமல் அச்சுக்குப் போகாது.

மேஜையில் இரண்டு தாள் வைத்திருப்போம். முதல் தாளில் 2 முதல் 997 வரை பகா எண்கள், இரண்டாவதில் 1009 முதல். பத்து லட்சம் வரையுள்ள எண்ணுக்கு ஆயிரத்துக்குள் வகுத்துப் பார்த்தாலே போதும் என்பதால், வருஷக்கணக்காக முதல் தாளே போதுமாக இருந்தது. அதிலுள்ள எதாலும் வகுபடவில்லை என்றால் பகா எண் என்று எழுதிவிடுவேன். 1022117க்கும் அப்படித்தான் எழுதினேன்.

"இது பத்து லட்சம் தாண்டிடுச்சுக்கா. இன்னும் ஒரே ஒரு எண் பாக்கி இருக்கு. ரெண்டாவது தாளை எடு."

"அச்சகத்துக்காரன் உயிரை வாங்குறான்டா. கையெழுத்தைப் போடு."

"மாட்டேன். நீயே வகுத்துப் பாரு."

பேனாவை மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்பினான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவன் கையெழுத்தை நானே போட்டேன். தெருமுனையில் லாரி மோதி அவன் அங்கேயே போய்விட்டதாக அரை மணி நேரத்தில் ஆள் வந்து சொன்னார்.

அச்சகம் இரண்டு வாரம் பொறுத்துக்கொண்டது. நான் வேலைக்குத் திரும்பி வந்த அன்று காலையில் பார்த்தால் அவன் கட்டம் வெறுமையாக இருந்தது. மை சரியில்லை என்று பேனாவைத் திட்டிவிட்டு மறுபடி போட்டேன். மறுநாளும் காணோம். மூன்றாம் நாள் பக்கத்தை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கையோடு கொண்டுபோனேன். காலையில் திறந்தபோது கட்டம் வெள்ளையாக இருந்தது.

இரண்டாவது தாளை எடுத்தேன். முதல் எண் 1009. கால்குலேட்டரில் வகுத்தேன். மிச்சமே இல்லாமல் 1013 வந்தது. ஒரே ஒரு எண். அதைப் போட்டுப் பார்க்க எனக்கு எவ்வளவு நேரமாகியிருக்கும்? அவன் கிளம்பியிருக்கவே மாட்டான். மேஜையில் தலையை வைத்து அழுதேன்.

'பகா எண்' என்பதை அடித்து, '1009 × 1013' என்று எழுதினேன். அவன் கட்டத்தைத் தொடவில்லை.

மறுநாள் காலை அதில் கையெழுத்து இருந்தது. வாலுக்குக் கீழே சின்னதாக ஒரு புள்ளி. அவன் வைக்கும் புள்ளி. நான் போட்டபோதெல்லாம் மறந்துபோன புள்ளி. எனக்குப் பயமாக இல்லை. "சரிடா, நீ சொன்னதுதான் சரி" என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கம் அச்சுக்குப் போனது.

அதன்பிறகு எதுவும் அழியவில்லை. அவன் மறுபடி வருவானா என்று ஒரு வாரம் பார்த்தேன், பொறுக்க முடியவில்லை. 1022118 பக்கத்தை எடுத்தேன். சின்னக் குழந்தைகூட இரண்டால் வகுபடும் என்று சொல்லிவிடும். அதில் 'பகா எண்' என்று எழுதி, அவன் கையெழுத்தையும் நானே போட்டு, அதே அலமாரியில் வைத்துவிட்டுப் போனேன்.

காலையில் ஓடி வந்து திறந்தேன். நான் போட்ட கையெழுத்து, புள்ளி இல்லாமல், அப்படியே இருந்தது.